வீட்டில் ஒரு கந்தோர்



வீட்டில் இருந்தபடியே உத்தியோகம் பார்ப்பது என்பது இக்காலத்தில் பலரும் பேசும் ஒரு விடயம். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே கொள்ளைநோய்க்கு அஞ்சி நம் நாடு ஊரடங்கிற்குட்பட்டபோது, கந்தோர்களிற் பணிபுரிந்தோர் பலர் வீட்டுக்குள்ளேயே ஒரு மேசையைத் தேடிக்கொள்ள நேர்ந்தது. இரண்டாண்டு கழித்து, 2022ஆம் ஆண்டு யூன் மாதத்தில், எரிபொருட் பஞ்சத்தினால் வண்டிகள் ஓடாது நின்றன. அப்போதும் அத்தியாவசியமல்லாத அரசாங்கப் பணியாளர் வீட்டிலிருந்தே கடமையாற்றும்படி பணிக்கப்பட்டனர். இவற்றைக் கண்ட இளைஞர் பலர், இது நம் காலத்திற் பிறந்த புதுமை என எண்ணுகின்றனர். மன்னார்க் கரையோரத்திலுள்ள விடத்தல்தீவு போன்ற ஓர் ஊரின் வாழ்வை நினைத்துப் பார்ப்போமாயின், வீடே கந்தோராக விளங்கியமை பழைய வழக்கம் என்பதும், வீட்டைவிட்டுத் தனியே கந்தோர் எழுந்ததே அண்மைக்கால நிகழ்ச்சி என்பதும் புலனாகும். அவ்வழக்கத்தின் வரலாற்றையும், அதனால் நாம் பெறக்கூடிய படிப்பினையையும் இன்று எடுத்துக் கூற விரும்புகிறேன்.

முதலில் நம் பேச்சுவழக்கிலுள்ள சில சொற்களை நோக்குவோம். சொல்லும் ஒரு சாசனமே. மேசை, கதிரை, அலுமாரி, விறாந்தை என்னும் சொற்கள் போர்த்துக்கீச மொழியிலிருந்து நம்மிடம் வந்தவை. கந்தோர், லாச்சி, நொத்தாரிசு என்பவை ஒல்லாந்த மொழி தந்தவை. போர்த்துக்கீசர் 1560ஆம் ஆண்டில் மன்னாரைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658இலும் ஆங்கிலேயர் 1795இலும் அதனைத் தம் வசமாக்கினர். மூவரும் போயினர். அவர்கள் இட்டுச் சென்ற பொருட்பெயர்களோ நம் வீடுகளில் நிலைத்துவிட்டன. எழுதும் பலகையும் இருக்கையும் ஏடு வைக்கும் பெட்டகமும் அந்நியப் பெயர் தாங்கி நம் இல்லங்களுக்குள் வந்தமையை எண்ணும்போது, கந்தோர் என்னும் அமைப்பு வீட்டுக்குள் அடியெடுத்து வைத்த காலம் எதுவென்பது ஒருவாறு விளங்குகின்றதன்றோ?

அதற்கு முன்னரும் தொழில் வீட்டிலேதான் நடந்தது. பரியாரியார் நாடி பார்த்ததும் மருந்து அரைத்ததும் தம் வீட்டில். சட்டம்பியார் பிள்ளைகளுக்கு மணலில் எழுத்துப் பழக்கியது தம் வீட்டுத் திண்ணையில். ஊர்த்தலைமை பார்த்தவர் வழக்கு விசாரித்ததும் வீட்டு முற்றத்தில். வடபுலத்துப் பழைய வீடுகளிற் சங்கடப் படலையும் தலைவாசலும் அமைந்திருந்தமைக்கு ஒரு பொருளுண்டு. வருவோர் வெயிலாறி இருப்பதற்கும், வீட்டுக்குள் நுழையாமலே வீட்டுக்காரரோடு கருமம் பேசுவதற்கும் அவை இடந்தந்தன. உலகத்தாருக்குரிய பகுதி ஒன்று, குடும்பத்தாருக்குரிய பகுதி ஒன்று என வீட்டை வகுத்துவைத்த நம் முன்னோர், வீட்டிலிருந்து தொழில் செய்வதன் முதற் பாடத்தை நன்கறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியிலும் இவ்வழக்கம் மாறவில்லை. மணியகாரர், உடையார், விதானையார் என்னும் தலைமைக்காரர் வழியாகவே அரசாங்கம் ஊர்களை ஆண்டது. கிராமத்திலே அரசாங்கத்தின் முகம் விதானையார் முகம். அரசாங்கத்தின் கந்தோர் விதானையார் வீடு. களவு போனாலும், எல்லைத் தகராறு எழுந்தாலும், நற்சான்றுப் பத்திரம் வேண்டினாலும் சனங்கள் சென்று நின்ற இடம் அவ்வீட்டு விறாந்தையே. 1963ஆம் ஆண்டிலே தலைமைக்காரர் முறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது.

இம்முறையைப் புகழ்ந்து மட்டும் பேசுவது வரலாற்றுக்கு நீதியாகாது. அரசாங்க கருமம் ஒருவர் வீட்டில் நடக்கும்போது, அவ்வீட்டின் வழக்கங்களும் அக்கருமத்தோடு கலந்துவிடுகின்றன. யார் விறாந்தையில் ஏறலாம், யார் முற்றத்திலே நிற்கவேண்டும் என்பதைச் சட்டம் தீர்மானிக்கவில்லை. சாதியும் செல்வமும் உறவும் தீர்மானித்தன. ஒரு விதவைப் பெண் தன் காணிக் கருமமாக அங்கே தனித்துச் சென்று பேசுவது எளிதாயிருந்ததில்லை. தலைமைப் பதவி பெரும்பாலும் செல்வாக்குள்ள குடும்பங்களிலேயே சுழன்றது. பொதுக்கந்தோர் என்பது வெறுங் கட்டடமன்று. வருகின்ற எவரும் சமமாய் நிற்கும் உரிமையும் அதனுள் அடங்கியிருக்கிறது. வீட்டுக் கந்தோரின் குறை யாதென்று கேட்பவர்க்கு இவ்வரலாறே விடையாகும்.

ஆயினும் வீட்டிலிருந்து நடந்த தொழில்களுள் ஒன்று மட்டும் இக்குறையைக் கட்டுப்படுத்தும் ஒழுங்கொன்றைத் தன்னுள்ளே கொண்டிருந்தது. அது நொத்தாரிசுத் தொழில்.

விடத்தல்தீவு பெயரளவில் தீவாயினும், மன்னார்த் தீவுக்கு அப்பால், பெருநிலக் கரையில், மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர். மாந்தை மேற்குப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்தது. விடத்தல் என்பது இவ்வரண்ட நிலத்தில் வளரும் ஒரு முட்செடி. கண்டற் காடுகளும் ஆழங்குறைந்த கடலும் அவ்வூருக்கு மீனும் இறாலும் நண்டும் தருகின்றன. அக்கரைப் பகுதி 2016ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் ஒருங்கு வாழ்ந்த ஊர் அது. கடலை அளந்து வேலி போட எவராலும் இயலாது. ஆனால் கரையிலே வீடிருக்கும் நிலத்துக்கும், உள்நாட்டிலே வயலுக்கும் தோட்டத்துக்கும் எல்லை வேண்டும். எல்லைக்கு எழுத்து வேண்டும்.

அவ்வெழுத்துக்கு நம் பகுதியில் நீண்ட வரலாறுண்டு. ஒல்லாந்தர் காலத்தில் காணிகளின் விபரங்கள் தோம்பு என்னும் ஏட்டிற் பதியப்பட்டன. அவர்கள் ஆண்ட பகுதிகளிற் பள்ளிக்கூட ஆசிரியர்களே ஞானஸ்நானம், விவாகம் முதலியவற்றைப் பாடசாலைத் தோம்பில் எழுதிவந்தனர். ஆசிரியத் தொழிலிலுள்ள எனக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி தருவது. கவர்னர் சைமன்சின் கட்டளைப்படி, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணப் பகுதித் தமிழரின் வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். அதன் தமிழ்ப் பெயர்ப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்துச் சரியென்று ஏற்றனர். அதுவே தேசவழமை. 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் ஆங்கிலேயரும் அதனைச் சட்டமாக ஏற்றுக்கொண்டனர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எனச் சொத்தை மூவகையாக அது பிரித்தது. ஒரு காணி இவற்றுள் எவ்வகை என்பதற்குச் சான்று காட்ட வேண்டி வரும்போது, உறுதி இன்றியமையாததாயிற்று.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இதனை இன்னும் உறுதிப்படுத்தியது. காணி கைமாற வேண்டுமாயின் எழுத்து வேண்டும். அவ்வெழுத்து ஒரு நொத்தாரிசு முன்னிலையிலும் இரண்டு சாட்சிகள் முன்னிலையிலும் கையொப்பமிடப்பட வேண்டும் என அது விதித்தது. வாய்ச்சொல்லால் காணி விற்றேன் என்பது அன்றோடு செல்லாதாயிற்று. பின்னர், 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம் இத்தொழிலின் நுணுக்க விதிகளையெல்லாம் தொகுத்து வைத்தது. இடையிடையே திருத்தங்கள் நேர்ந்தாலும் அதுவே இன்றும் அடிப்படைச் சட்டம்.

அக்கால நொத்தாரிசுகள் பலர் தம் வீட்டு விறாந்தையையோ முன்னறையையோ கந்தோராகக் கொண்டிருந்தனர். ஒரு மேசை; அதற்கு லாச்சி; பூட்டும் திறப்புமுள்ள ஓர் அலுமாரி; சாட்சிகள் இருப்பதற்கு ஒரு வாங்கு. இவ்வளவே தளபாடம். இவற்றை எவரும் வாங்கலாம். நொத்தாரிசின் வீட்டைக் கந்தோராக்கியவை இத்தளபாடங்களல்ல. அவர்மேற் சட்டம் சுமத்திய ஒழுக்கங்களே.

அவ்வொழுக்கங்களைச் சற்று விரித்து நோக்குவோம். அவர் எழுதும் ஒவ்வோர் உறுதிக்கும் தொடரிலக்கம் உண்டு. இடையில் ஓர் இலக்கம் விடுபட்டால் அது கேள்விக்கிடமாகும். உறுதி முடிப்பவரையோ சாட்சிகளையோ அவர் அறிந்திருக்கவேண்டும். எழுத்தறியாதவர் வந்தால், உறுதியை வாசித்துக் காட்டிப் பொருள் விளக்கிய பின்னரே கைந்நாட்டுப் பெறலாம். அடித்தெழுதியதையும் இடைச்செருகியதையும் எண்ணிக் கீழே குறிப்பிடவேண்டும். பணம் தம் கண்முன்னே கைமாறியதா இல்லையா என்பதையும் எழுதவேண்டும். எழுதிய உறுதிகளுக்கெல்லாம் ஓர் இடாப்பு வைத்திருக்கவேண்டும். வீடு அவருடையதாயினும், அம்மேசையில் அவர் தம் விருப்பப்படி எதுவும் செய்தற்கில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதியுண்டு. உறுதியின் மூலப்படி உரியவர் கைக்குச் செல்லும். ஒரு படி நொத்தாரிசின் அலுமாரியில் இருக்கும். இன்னொரு படி காணிப் பதிவாளர் கந்தோருக்குப் போகவேண்டும். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் படிகள், அவற்றின் அட்டவணையோடு, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பதிவாளரைச் சென்றடைய வேண்டும். மழை பெய்தாலும் வெள்ளம் வந்தாலும் மாதந்தோறும் அவ்விறாந்தையிலிருந்து ஒரு பொதி மாவட்டக் கந்தோருக்குப் புறப்பட்டாக வேண்டும். நொத்தாரிசு காலமானாலும் அவர் வைத்திருந்த ஏடுகள் பிள்ளைகளுக்குச் சொத்தாவதில்லை. அவையும் பதிவாளரிடம் ஒப்படைக்கப்பட வேண்டியவை. வீட்டுக்குள் நடந்த தொழிலுக்கு வீட்டுக்கு வெளியே ஒரு சாட்சி. இவ்விதியை இயற்றியோரின் முதல் நோக்கம் மோசடியைத் தடுப்பதாயிருக்கலாம். ஆனால் அதன் முழுப் பெறுமதியும் நம் மண்ணில் வேறொரு விதமாக வெளிப்பட்டது.

1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். விடத்தல்தீவு முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டைக் குறுகிய அவகாசத்திற் பிரிந்தோர் எத்தனை கடதாசிகளை எடுத்துச் சென்றிருக்க முடியும்? புத்தளப் பகுதியிலே ஓலைக் கொட்டில்களில் அவர்கள் வாழ்வு புதிதாய்த் தொடங்கிற்று. 2008ஆம் ஆண்டிலே போர் மன்னார்க் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்ந்தது. அவ்வாண்டு யூலை 16ஆம் தேதி இராணுவம் விடத்தல்தீவைக் கைப்பற்றியது. இம்முறை தமிழ்க் குடும்பங்களும் ஊரைவிட்டு வன்னிக்குள்ளே இடம்மாறி இடம்மாறி அலைந்தன. 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்து, மக்கள் திரும்பிவரத் தொடங்கியபோது, வேலிகள் இல்லை; எல்லைக் கதியால்கள் இல்லை; பல இடங்களில் வீடுகளே இல்லை.

அந்நிலையில், இது என் காணி என்று ஒருவர் எதைக் கொண்டு நாட்டுவது? பெட்டியிலிருந்த உறுதி பெட்டியோடு போயிற்று. நான்கெல்லை அறிந்த முதியோர் பலர் இல்லை. ஆனால், என்றோ ஒரு நாள் ஒரு நொத்தாரிசு தம் விறாந்தையிலிருந்து அனுப்பிய படி பதிவாளர் கந்தோரிற் பேணப்பட்டிருந்தால், அதற்குச் சான்றுப்படுத்திய பிரதி பெறலாம். இலக்கமும் ஆண்டும் எழுதியவர் பெயரும் தெரிந்தால் தேடுதல் எளிது. வீடு அழிந்த பின்னும் அவ்வீட்டுக்கு ஒரு சாட்சி வேறிடத்தில் இருந்தது என்பதே இதன் பொருள். பதிவுக் கந்தோரும் போருக்கு அப்பாற்பட்டதன்று. ஆயினும் மூன்றிடத்தில் வைத்தது ஓரிடத்தில் வைத்ததிலும் பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லா நிலத்துக்கும் உறுதி இருந்தது என நான் கூறவில்லை. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்று அரச காணியில் குடியிருந்தோர் வட பகுதியிற் பலர். அவர்களுக்கும் பிரதேச செயலகத்தின் ஏடே சாட்சி. உறுதி வைத்திருந்தோர்க்கும் வேறொரு தடை இருந்தது. பத்தாண்டு காலம் எதிரிடையாய், இடையறாது ஆண்டு வந்தவருக்கு உரிமை உண்டாகலாம் என 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. தம் விருப்பமின்றி ஊரைவிட்டு அகன்றோர்க்கு இது பெருந் தீங்காகும். ஆதலின் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்திலே தம் உரிமையை நிலைநாட்ட வழியில்லாதிருந்தோர்க்கு எதிராக அக்காலத்தைக் கணக்கிடலாகாது என அது ஏற்பாடு செய்தது. சட்டம் வாயிலைத் திறக்கலாம். வாயிலில் நிற்பவர் கையில் ஓர் எழுத்து வேண்டுமே! அவ்வெழுத்து பல தடவைகளில் ஒரு வீட்டுக் கந்தோரிற் பிறந்ததே.

இனி, உலகப் போக்கைச் சிறிது நோக்குவோம். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் மேல்நாட்டிலும் நெசவாளி வீட்டிலேயே நெய்தான். வணிகன் தன் கணக்குச்சாலைக்கு மேல்மாடியிலேயே குடியிருந்தான். தொழிற்சாலையும் நகரக் கந்தோருமே மனிதரைக் காலையில் வீட்டைவிட்டு வெளியேற்றின. 1973ஆம் ஆண்டில், எண்ணெய் நெருக்கடி தோன்றிய அதே ஆண்டில், அமெரிக்காவைச் சேர்ந்த ஜாக் நில்ஸ் என்னும் அறிஞர், ஊழியரைக் கந்தோருக்கு இழுப்பதைவிட வேலையைத் தொலைத்தொடர்பு மூலம் ஊழியரிடம் அனுப்பலாம் என்னும் கருத்தை முன்வைத்து, அதற்கு ஒரு புதுப்பெயரும் சூட்டினார். எரிபொருள் அருகியபோது வீட்டுக் கந்தோர் நினைவுக்கு வருவது 2022இல் நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று என்பதை இதனால் அறியலாம்.

வீட்டிலிருந்து கூலிக்கு உழைப்போரின் துன்பத்தையும் உலகம் முற்றாய் மறக்கவில்லை. 1996ஆம் ஆண்டிலே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டு வேலையாளர் குறித்து 177ஆம் இலக்க உடன்படிக்கையை நிறைவேற்றியது. கூலி, பாதுகாப்பு, சங்கஞ் சேரும் உரிமை ஆகியவற்றில் அவர்களும் ஏனைய தொழிலாளரோடு ஒப்ப நடத்தப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டுக்குள் செய்யும் வேலை பிறர் கண்ணிற் படாது. கண்ணிற் படாத வேலைக்குக் கூலி குறையும். அவ்வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்வர். ஆகவே அதற்குக் கணக்கும் எழுத்தும் பிறர் வேலையைவிட அதிகம் வேண்டும்.

இன்று விடத்தல்தீவிலோ அதனை ஒத்த மற்றோர் ஊரிலோ ஒரு பெண், பட்டம் பெற்றவள், வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதலாம், மொழிபெயர்க்கலாம், கணினி வழியாகத் தொலைதூரத்துப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லலாம். கொழும்புக்குச் செல்லாமலே கொழும்பு வேலையைச் செய்ய இணையம் வழி திறந்திருக்கிறது. ஊரைவிட்டு ஓடியோடிக் களைத்த ஒரு சமுதாயத்துக்கு, ஊரிலேயே இருந்து உழைக்க ஒரு வழி கிடைப்பது சிறிய நன்மையன்று. அத்தகைய பிள்ளைகள், முதலில் எந்தக் கணினி வாங்குவது, எந்தக் கதிரை வாங்குவது என ஆசிரியர்களாகிய எம்மிடம் கேட்பதுண்டு. அவர்களுக்குப் பழைய நொத்தாரிசின் விறாந்தையை நான் சுட்டிக்காட்டுவேன்.

ஓர் இடம் தனியாக இருக்கட்டும். தனி அறை இல்லாத வீடே நம்மில் அதிகம். விறாந்தையின் ஒரு மூலை போதும். ஆனால் அது தொழிலுக்கென்றே இருக்கவேண்டும். அவ்வேளையிலே அங்கே இருப்பவர் கந்தோரில் இருக்கிறார் என்பதை வீட்டார் ஏற்றுக்கொள்ள வேண்டும். வீட்டிலிருப்பதால் வேலையில்லாதவள் எனக் கருதிக் குடும்பத்தின் எடுபிடிகளெல்லாம் பெண்ணின் தலையில் விழுமாயின், எந்தக் கணினியும் அவளைக் காக்காது. வேளைக்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கட்டும். செய்த ஒவ்வொரு வேலைக்கும் தொடரிலக்கம் இட்டு ஓர் இடாப்பு வைக்கட்டும்: யாருக்கு, எந்நாளில், எவ்வளவு, பணம் வந்ததா இல்லையா என்று. உடன்பாடு வாய்ச்சொல்லாய் நில்லாது எழுத்தாகட்டும். இறுதியாக, செய்த வேலையின் ஒரு படி வீட்டுக்கு வெளியே எங்கேனும் இருக்கட்டும். இக்காலத்தில் அதற்கு மாட்டுவண்டி வேண்டியதில்லை; விரலால் ஒரு தட்டுத் தட்டினாற் போதும். எளிதாய்விட்ட காரியத்தையே மனிதர் தள்ளிப் போடுவர் என்பதனாற்றான் இதனை வற்புறுத்துகிறேன்.

குடும்பக் கடதாசிகளுக்கும் இதுவே வழி. உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் இலக்கமும் தேதியும் ஒரு கொப்பியில் எழுதப்படட்டும். அக்கொப்பியின் ஒரு பிரதி வேறூரிலுள்ள உறவினர் ஒருவரிடம் இருக்கட்டும். இடம்பெயர்ந்து வந்த பிள்ளைகளைப் பாடசாலையிற் சேர்த்த ஆசிரியர்கள் அறிவார்கள்: கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாத பிள்ளைக்கு, முன்னைய பாடசாலையின் சேர்விடாப்பில் இருந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணையாகும் என்பதை.

வீட்டிலிருந்து தொழில் செய்பவரை மேற்பார்வையாளர் நோக்குவதில்லை. மணி அடிப்பவரும் இல்லை. ஆகவே அவரைப் பிறர் நம்புவதற்கு அவர் வைத்திருக்கும் எழுத்தே ஆதாரம். நம் ஊர் நொத்தாரிசுகளுள் நல்லவரும் இருந்தனர், அல்லாதவரும் இருந்தனர். அவ்விரு சாராரும் எழுதிய உறுதிகளுக்கு ஒரே மதிப்பு இருந்ததற்குக் காரணம், மாதந்தோறும் அவர்கள் வாசலைக் கடந்து வெளியே சென்ற அந்தப் படிகளே. இன்று தம் வீட்டு மூலையில் ஒரு மேசை போட்டுத் தொழில் தொடங்கும் இளைஞர்களும் யுவதிகளும் அவ்வொழுங்கைக் கைக்கொள்வார்களாயின், அவர்களுடைய வீடு வீடாகவும் இருக்கும், கந்தோராகவும் மதிக்கப்படும்.